கடல்மீன் தொட்டியில் அழையா விருந்தாளி: பிய்த்தால் பெருகும்!

வீட்டில் பாம்பு, தேள் தொல்லை என்றால், சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலில் அவற்றின் உருவம் பதித்த தகட்டை வாங்கி உண்டியலில் போடுவது வழக்கம். வரவேற்பறையில் உப்புநீர்த் தொட்டி வைத்துக் கோமாளி மீன் வளர்ப்பவர்களுக்கு வருகிற தொல்லையோ வேறு ரகம். அதன் பெயர் அய்ப்டேசியா.

கோமாளி மீன் குடியிருக்கும் கடல் சாமந்திக்கு இது சொந்தம். பழுப்பு நிறத்தில், குட்டித் தென்னைமரம் போல இருக்கும். தொட்டிக்குள் வைக்கும் கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பக்கத்தில் இருக்கும் உயிர்களைக் கொட்டிக் கொட்டியே சாகடிக்கும்.

‘ஒன்றுதானே’ என்று பிய்த்து எறியத் தோன்றும். அதுதான் கூடாது. கல்லில் ஒட்டியிருக்கும் சிறு துணுக்குகூட முழு உயிராக வளர்ந்துவிடும்.

என்ன செய்யலாம்?

அக்வேரியத்துக்கென விற்கும் கால்சியம் ஹைட்ராக்சைடை, அதாவது நீற்றுச் சுண்ணாம்பை, சிறிது நீரில் கூழாகக் குழையுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பம்ப்பை நிறுத்திவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் அதன் வாயை மூடும்படி மெதுவாக விடுங்கள். ஒரே நாளில் நிறைய வேண்டாம். தண்ணீரின் காரத்தன்மை ஏறி மீன்களைப் பாதிக்கும்.

அவசரப்பட்டுத் தாமிர மருந்தை ஊற்றாதீர்கள். இறால், நத்தை, பவளம் எல்லாம் செத்துவிடும். கல்லைக் கொதிக்க வைப்பதும் ஆபத்து. அதில் ஒட்டியிருக்கும் சில உயிர்களின் நஞ்சு ஆவியோடு மூச்சில் கலந்து, மருத்துவமனை வரை கொண்டுபோய்விடும்.

மணல்மேல் சிவப்பாக வழுவழுவென்று படர்கிறதா? பெரும்பாலும் தீனி அதிகமாகிவிட்டதன் அடையாளம் அது. தீனியைக் குறையுங்கள், ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கரைத்து, பழைய நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள்.

கடலில் விடலாமா?

தூத்துக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போகும்போது கடலில் விட்டுவிடலாம் என்று நினைக்கவே கூடாது. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளப்பாறைகள்மேல் படர்ந்திருப்பது 2008-ல் தெரியவந்தது. பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காமல் போர்த்திவிடும் பாசி இது. அங்கேயும் இதே கதைதான்: பிய்த்து எடுத்தாலும் மிச்சமிருக்கும் துண்டு மறுபடி வளர்கிறது. தொட்டியில் ஒரு கல்லோடு போகிற பிரச்னை, கடலில் தீவுகள் அளவுக்குப் பெரிதாகிறது.

வருமுன் காக்க

புதிதாக வாங்கிய எதையும் நேரே தொட்டியில் போடாதீர்கள். தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்துப் பாருங்கள். கடலில் எடுத்த பவளக்கல்லை யார் விற்றாலும் வாங்காதீர்கள். பவளம், வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மீறினால் சிறைத் தண்டனை உண்டு. காய்ந்த செயற்கைக் கல் போதும். அதோடு அய்ப்டேசியாவும் வராது, வழக்கும் வராது.