மண்ணுக்குச் சொன்னது மார்புக்கும் பொருந்தும்

நம் கூட்டங்களில் நுண்ணுயிர் என்றாலே நல்ல பெயர்தான். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா எல்லாம் வீட்டுப் பிள்ளைகள் பேர் மாதிரி வாயில் வருகிறது. ஆனால் நம் நுரையீரலுக்குள்ளும் ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் குடியிருக்கிறது என்றால், "அதெப்படி சார்?" என்று கேட்கிறார்கள். வங்கியில் வரவு செலவு பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு காக்களூர்ப் பக்கம் நிலத்தில் இறங்கியவன் நான், மருத்துவன் அல்ல. படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் நம் மாவட்டக் கணக்கு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், புகைபிடிக்காத, 30 வயதைத் தாண்டிய 900 பெண்களைப் பரிசோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். 2.44 சதவீதம் பேருக்கு சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் இருந்தது. தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் சமைக்கிறவர்களிடம் அது 3 சதவீதம். மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு. இவர்கள் யாரும் பீடி, சிகரெட் தொடாதவர்கள்.

நலமான நுரையீரலில் கிருமியே கிடையாது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 2010இல் லண்டன் ஆய்வாளர்கள் மரபணு முறையில் பார்த்தபோது, நலமானவர்களின் மூச்சுக்குழாயிலும் பாக்டீரியாக்கள் இருந்தன. அவர்களிடம் பிரிவோடெல்லா போன்றவை அதிகம். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. உள்ளவர்களிடம் ஹீமோஃபிலஸ் வகைகள் கை ஓங்கியிருந்தன. அதாவது, நோயாளியிடம் மாறியிருந்தது கூட்டத்தின் சேர்மானம்.

ஏன் மாறுகிறது? வாயிலிருந்தும் காற்றிலிருந்தும் கிருமிகள் தினமும் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. மூச்சுக்குழாய்ச் சுவரில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் சளியோடு சேர்த்து அவற்றை மேலே தள்ளுகின்றன. வரவும் செலவும் சரியாகப் போகிற கணக்கு இது. புகை அந்த இழைகளை முடக்கிவிடும். சளி தேங்கும். வடிகால் அடைத்த வயலில் வேரழுகல் வருகிற மாதிரி, தேங்கிய சளியில் நோய்க்கிருமி நிலைகொள்ளும். அதனால் சுவர் வீங்கும். வீங்கிய சுவரில் இன்னும் சளி. இப்படியே சுற்றிச் சுற்றி மூச்சு குறைகிறது.

இந்த நோயாளிகளுக்கு அவ்வப்போது திடீரென்று இழுப்பு முற்றும். அப்போது பலரும் செய்வது, மருந்துக்கடையில் போய், "நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு, ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுங்க" என்று ஆன்டிபயாடிக் வாங்குவது. அசித்ரோமைசின் பற்றி அமெரிக்காவில் 1,142 சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. ஒரு வருஷம் தினமும் சாப்பிட்டவர்களுக்கு இழுப்பு முற்றுவது குறைந்தது உண்மை. கூடவே சிலருக்குக் காது கேட்கும் திறன் குறைந்தது. மூக்கு, தொண்டையில் புதிதாகக் குடியேறிய கிருமிகளில் மருந்துக்கு அடங்காதவை அதிகமாக இருந்தன. பூச்சிக்கொல்லிக்குப் பழகிய பூச்சியைப் பார்த்த நமக்கு இது புதுசா? மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்போது, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும். இன்ஹேலரையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ரசாயன வயலுக்கும் இதில் பங்குண்டு. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை மண்ணிலும் மட்கிலும் சாதாரணமாக வாழ்வது. நலிந்த நுரையீரலில் அது நோயாகும். அதற்கு மருத்துவர் தரும் மருந்தும், வயலில் அடிக்கும் புரோபிகோனசோல், டெபுகோனசோல் போன்றவையும் ஒரே குடும்பம். அந்த மருந்துகளுக்கு அடங்காத ஆஸ்பர்ஜில்லஸை மண் மாதிரிகளிலிருந்தே எடுத்ததாக டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவன ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள்.

அதற்காக இயற்கை விவசாயி தப்பித்தோம் என்று இருக்க முடியாது. சூடேறிய மட்குக் குவியலைக் கிளறும்போது எழும் தூசியில் அதே பூஞ்சையின் வித்துகள் நிறைய இருக்கும். பூசணம் பிடித்த வைக்கோல் தூசியால் வரும் நுரையீரல் அழற்சிக்கு 'உழவர் நுரையீரல்' என்றே மருத்துவத்தில் பெயர். ஏற்கெனவே மூச்சுக்கோளாறு உள்ளவர்களுக்கு இரண்டுமே ஆபத்து.

காக்களூரில் தொழிற்பேட்டைக் காற்றும் சாலைப் புகையும் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பவை இவை:

மட்கைக் கிளறுமுன் தண்ணீர் தெளியுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். துண்டு போதாது, என்-95 முகக்கவசம் கட்டுங்கள். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் அந்த வேலையை வேறொருவரிடம் விடுங்கள்.

வைக்கோலை ஈரத்தோடு போர் போடாதீர்கள். சருகைக் கொளுத்தாதீர்கள், மூடாக்காகப் போடுங்கள்.

விறகடுப்பு இருந்தால் புகைபோக்கி வையுங்கள், அல்லது அடுப்பை வெளியே மாற்றுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அது இல்லையென்றால், ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி சோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. மண் பரிசோதனைக்கு வருஷா வருஷம் மாதிரி எடுக்கிறோம். வீட்டில் அடுப்படியே கதியாக இருந்த அம்மாவோ அக்காவோ படியேறும்போது மூச்சு வாங்கினால், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். இந்த வாரமே ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள்.