கேள்வி கேட்பவரும் சிபாரிசு செய்பவரும்

வல்லூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, கொஞ்சம் தெற்கே எண்ணூரில் அசோக் லேலண்ட் என்று மீஞ்சூரைச் சுற்றி நாலா பக்கமும் வேலைத்தலங்கள். கும்மிடிப்பூண்டி லோக்கலில் காலை ஷிப்டுக்கு ஏறுகிற கூட்டத்தில் ஐ.டி.ஐ. முடித்த அப்ரண்டிஸும் இருப்பார், புதிதாகச் சூப்பர்வைசர் ஆனவரும் இருப்பார். இந்த இருவரையும் முன்னேற்ற என்ன செய்யலாம் என்று கேட்டால் பெரிய நிறுவனங்களின் ஹெச்.ஆர். அறையில் இப்போது இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, கோச் வைப்போம். மற்றொன்று, மென்டர் கொடுப்போம். பல இடங்களில் யாருக்கு எது என்று யோசிப்பதே இல்லை. கைக்குக் கிடைத்ததைக் கொடுத்துவிடுகிறார்கள்.

கோச் விளையாட்டு மைதானத்திலிருந்து அலுவலகத்துக்கு வந்தவர். அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர் டிமதி கால்வே 1974-இல் ஒரு புத்தகம் எழுதினார். மட்டையை இப்படிப் பிடி, காலை அப்படி வை என்று சொல்லச் சொல்ல ஆட்டக்காரர் தடுமாறுகிறார்; பந்து எங்கே குதிக்கிறது என்று கவனிக்கச் சொன்னால் தானாகவே சரிசெய்துகொள்கிறார் என்பது அவர் கண்டது. எதிராளியைவிட நம் தலைக்குள் ஓடும் பேச்சுதான் ஆட்டத்தைக் கெடுக்கிறது என்றார். இதை நிறுவனங்களுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர், முன்னாள் கார் பந்தய வீரர் ஜான் விட்மோர். 1992-இல் வந்த அவருடைய நூலுக்குப் பிறகு ‘இலக்கு என்ன, இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி, எதைச் செய்யப் போகிறாய்’ என்ற கேள்வி வரிசை உலகம் முழுக்கப் பரவியது. 1995-இல் சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு பிறந்தது. அதன் சான்றிதழுக்கு ஆரம்ப நிலையில் 100 மணி நேர அனுபவம் வேண்டும், உச்ச நிலைக்கு 2,500 மணி நேரம். ஆனால் நம் நாட்டில் எந்தச் சான்றிதழும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் கோச் என்று விசிட்டிங் கார்டு அடிக்கலாம். பணம் கொடுக்கும் முன் இதை விசாரிப்பது நல்லது.

கோச்சுக்கு உங்கள் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கட்டணம், இத்தனை அமர்வு, ஓர் இலக்கு. முடிந்ததும் கும்பிட்டு விடைபெறலாம். மென்டர் அதே தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். பெரும்பாலும் காசு வாங்குவதில்லை, கெடுவும் இல்லை.

அப்படி ஒரு மென்டர் நம் சென்னைத் துறைமுகத்திலேயே இருந்தார். 1912 மார்ச் 1 அன்று மெட்ராஸ் போர்ட் டிரஸ்டின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். எஃப்.ஏ. தேர்வில் தவறியவர். பெயர் ராமானுஜன். அவருக்கு மேலே இருந்தவர் எஸ். நாராயண ஐயர், கணிதம் படித்தவர். இருவரும் இரவில் திருவல்லிக்கேணியில் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். ராமானுஜன் இரண்டே வரியில் தாண்டிவிடுகிற இடத்தில், நடுவே உள்ள படிகளையும் எழுதினால்தான் மற்றவர்களுக்கு விளங்கும் என்று நாராயண ஐயர் வற்புறுத்துவார். நல்ல அறிவுரைதான். ஆனால் அவர் செய்த பெரிய காரியம் வேறு. துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் தனக்கிருந்த செல்வாக்கை இந்தக் கடைநிலை குமாஸ்தாவுக்காகச் செலவழித்தார். ஸ்பிரிங்கும் தன் பங்குக்கு மேலிடத்தில் பேசினார். 1913 பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது ராமானுஜனின் நோட்டுகள் அவர் பார்வைக்குப் போயின. அவர் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வந்தது. அதற்குள், ராமானுஜன் எழுதிய கடிதத்துக்குக் கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டியின் பதிலும் வந்திருந்தது.

அன்று ராமானுஜனுக்கு ஒரு கோச்சை வைத்திருந்தால்? உங்கள் இலக்கு என்ன, தடை எது என்று கேட்டிருப்பார். பதில் அவரிடம் முன்பே இருந்தது: வயிற்றுப்பாட்டுக்கு ஒரு சம்பளம், கணக்குக்கு நேரம். தடை அவருக்குள் இல்லை, வெளியே இருந்தது. அதை நகர்த்த, ‘இந்தப் பையனுக்கு நான் பொறுப்பு’ என்று சொல்கிற ஆள் வேண்டியிருந்தது. கோச் அப்படிச் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. பேசியது வெளியே போகாது என்பதுதான் அவர் தொழிலின் முதல் ஒழுக்கம்.

இனி நம் புது சூப்பர்வைசருக்கு வருவோம். பத்து வருஷம் ஒரே பெஞ்சில் டிபன் பாக்ஸ் திறந்த கூட்டாளிகளுக்கு அவர் இன்று மேலாள். லேட்டாக வருகிறவனைக் கேட்க வாய் வரவில்லை. சீனியரிடம் போனால், “நான்லாம் மொத நாளே ரெண்டு பேருக்கு மெமோ குடுத்தேன்பா, எல்லாம் வழிக்கு வந்துட்டாங்க” என்பார். அது அவருடைய குணத்துக்குச் சரி, அவர் காலத்துக்கும் சரி. கோச் ஒருவர், “நேத்து அவர்கிட்ட என்ன சொன்னீங்க? என்ன சொல்ல நினைச்சீங்க?” என்று கேட்டு இரண்டுக்கும் நடுவே இருக்கிற பயத்தை இவரே பார்க்கும்படி செய்வார். இங்கே கோச்தான் பொருத்தம். மேலதிகாரியே கோச் ஆகிவிடலாம் என்று சில நிறுவனங்கள் மேனேஜர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்கிரிமென்ட் போடுகிறவரிடம் எவன் தன் பயத்தைச் சொல்வான்? வெளியாள் வந்தாலும் பணம் கொடுப்பது கம்பெனிதான். வருகைப்பதிவைத் தவிர எதுவும் மேலே போகாது என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

மென்டர் விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ராமானுஜனின் மேதைமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நாராயண ஐயரும், அவருக்கு முன் மாதாமாதம் பண உதவி செய்த நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவும் படித்த பிராமணர்களின் சிறு வட்டத்தைச் சேர்ந்தவர்கள். அந்த வட்டத்துக்கு வெளியே பிறந்த ஒருவரின் நோட்டு எத்தனை மேஜை ஏறியிருக்கும்? தானாக விட்டால் மென்டர் தன் சாயலில் இருப்பவரைத்தான் தூக்கிவிடுவார். ஊர், சாதி, படித்த கல்லூரி எல்லாம் உள்ளே வந்துவிடும். அதனால்தான் வேறு துறையைச் சேர்ந்த, நேரடி அதிகாரம் இல்லாத ஒருவரை நிறுவனமே நியமிக்கும் முறை தேவைப்படுகிறது.

ஆனால் அந்த நியமனப் பட்டியலில் வருவது பெரும்பாலும் நிரந்தர ஊழியர்கள் மட்டுமே. 1912-இன் 30 ரூபாய் குமாஸ்தா இன்று கான்ட்ராக்டரின் ரோலில் இருப்பார். கணக்குப் பிரிவுத் தலைவருக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திருக்காது. அப்ரண்டிஸும் அந்தப் பட்டியலுக்கு வெளியேதான். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் பயிற்சியையும் உதவித்தொகையையும் உறுதி செய்கிறது. பயிற்சி முடிந்தபின் வேலை தந்தே ஆக வேண்டும் என்று பொதுவாக முதலாளியைக் கட்டாயப்படுத்துவதில்லை. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் ஓய்வுபெற்ற ஃபோர்மேன்களும் மின்வாரியக்காரர்களும் வீட்டில்தான் இருக்கிறார்கள். எந்த கான்ட்ராக்டரிடம் பி.எஃப். ஒழுங்காகக் கட்டுகிறார்கள், எந்த லைசென்ஸ் எடுத்தால் சம்பளம் கூடும், யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களை மென்டராக்கி, ஒருவருக்கு இரண்டு அப்ரண்டிஸ் வீதம் ஒப்படைக்க எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவு ஆகாது. கோச் பட்ஜெட்டைச் சூப்பர்வைசர்களுக்கும் மேனேஜர்களுக்குமே வைத்துக்கொள்ளட்டும்.