நண்பர்களுடன் டிராக் பந்தயக் கார் கட்டுதல்: மின்னிணைப்பும் பாதுகாப்பும்

டிராக் பந்தயக் கார்கள் ஓடுவது கோடையில். அவை கட்டப்படுவது பனிக்காலத்தில். ஒஸ்லோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பனிக்காலத்தின் நீண்ட இருட்டு மாலைகளில், வாடகைக்கு எடுத்த கராஜ்களில் நான்கைந்து நண்பர்கள் கூடி ஒரு பழைய காரைப் பிரித்துக் கட்டுவது வழக்கமான பொழுதுபோக்காகும். தமிழ் இளைஞர்களும் இதில் ஆர்வம் காட்டக்கூடும். அத்தகையோருக்கும், பிள்ளைகள் எதில் ஈடுபட்டுள்ளனர் என்பதை அறிய விரும்பும் பெற்றோருக்கும் தேவையான அடிப்படைத் தகவல்கள் இங்கு தரப்படுகின்றன. காரின் மின்னிணைப்புக்கு இதில் கூடுதலான இடம் அளிக்கப்பட்டுள்ளது. வீட்டில் கட்டப்படும் கார்களில் தீயும் எதிர்பாராத நகர்வும் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

டிராக் பந்தயம் என்பது யாது?

இரண்டு கார்கள் நேரான பாதையில் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, கால் மைல், அதாவது 402 மீற்றர் தூரத்தை ஓடி முடிப்பதே டிராக் பந்தயம். அதன் பாதித் தூரமாகிய 201 மீற்றரிலும் போட்டிகள் நடைபெறுகின்றன. பாதையின் தொடக்கத்தில் 'கிறிஸ்மஸ் மரம்' எனப்படும் விளக்குக் கம்பம் நிற்கும். அதில் மஞ்சள் விளக்குகள் மூன்றும் அரை விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்த பின்னர் பச்சை எரியும். பச்சைக்கு முன் புறப்பட்டவருக்குச் சிவப்பு விளக்கு எரியும். ஒஸ்லோவுக்கு அண்மையிலுள்ள ஓடுபாதை, விமானநிலையத்தின் அயலில் அமைந்த கார்டர்மூன் ரேஸ்வே ஆகும்.

அதிவேகமான காரே எப்போதும் வெல்லும் என்பதில்லை. நேரத்தை முன்கூட்டியே அறிவித்து ஓடும் போட்டி வகையில், ஒவ்வோர் ஓட்டுநரும் தமது கார் எத்தனை விநாடியில் ஓடும் என்பதைச் சொல்ல வேண்டும். மெதுவான காருக்கு அந்த வேறுபாட்டின் அளவு முன்னதாகவே பச்சை கிடைக்கும். அறிவித்த நேரத்தை விட விரைவாக ஓடினால் தோல்வி நேரும். எனவே 14 விநாடியில் ஓடும் சாதாரணக் காரும் 11 விநாடியில் ஓடும் காரை வெல்லலாம். இங்கு வேண்டப்படுவது ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக ஓடுதல். எரிபொருள் பம்பிக்கும் எரிபற்றலுக்கும் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே வோல்ற்றளவு கிடைத்தால்தான் அது இயலும். ஆகவே நல்ல மின்னிணைப்பு பாதுகாப்புக்கு மட்டுமன்றி வெற்றிக்கும் உதவுகிறது.

கட்டும் இடம்

ஒஸ்லோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, பொரெத்ஸ்லாக் எனப்படும் வீட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் அடுக்குமாடிகளில் வசிக்கின்றன. அவற்றின் பொதுக் கராஜ் பொதுவாக வாகனத்தை நிறுத்துவதற்கு மட்டுமே உரியது. அங்கு எரிபொருள் தாங்கியைத் திறப்பதோ வெல்டிங் செய்வதோ அயலவர் அனைவரையும் ஆபத்துக்குள்ளாக்கும். வேலையைத் தொடங்குமுன் சங்கத்தின் வீட்டு விதிகளைப் படித்து, நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைக்காவிடில், தொழிற்பேட்டைகளில் நண்பர்கள் சேர்ந்து சிறு இடமொன்றை வாடகைக்கு எடுப்பது வழக்கம். வாடகை உடன்படிக்கையில் வாகன வேலைக்கு இடமுண்டா என்பதையும், காப்புறுதி அதனை உள்ளடக்குகிறதா என்பதையும் கேட்டறிவது அவசியம்.

கராஜில் புதிய மின்செருகியையோ கூடுதல் மின்சுற்றையோ தாமாகவே பொருத்த நோர்வேச் சட்டம் இடமளிப்பதில்லை. கட்டடத்தின் நிலையான மின்னிணைப்புகளைப் பதிவுபெற்ற மின்நிறுவனமே செய்ய வேண்டும். காரின் 12 வோல்ற்று இணைப்பை உரிமையாளர் தாமே செய்யலாம். சுவரின் 230 வோல்ற்று இணைப்பை அவ்வாறு செய்தல் ஆகாது. பதிவுத்தகடு இல்லாத காரை நகரத் தெருவில் நிறுத்தி வைத்தால் அது அகற்றப்படலாம். செலவும் உரிமையாளரையே சேரும்.

முதலில் வரைபடம்

பந்தயத்துக்கெனக் கட்டப்படும் காரில் பழைய கம்பித் தொகுதி முழுவதையும் அகற்றிவிட்டுப் புதிதாக இணைப்பது பெரும்பாலும் எளிதாக இருக்கும். கம்பியை வெட்டுமுன் வரைபடம் வரையப்பட வேண்டும். எந்தக் கம்பி எங்கிருந்து எங்கு செல்கிறது, அதன் தடிப்பு, நிறம், உருகியின் அளவு ஆகியன அதில் இடம்பெற வேண்டும். ஐரோப்பியக் கார்களில் இணைப்பு முனைகளுக்குப் பொது எண்கள் உள்ளன: 30 என்பது மின்கலத்திலிருந்து நேராக வரும் கம்பி, 15 என்பது சாவியைத் திருப்பிய பின் மின்பெறுவது, 31 என்பது ஏர்த், 50 என்பது தொடக்கி மோட்டருக்கான கட்டளை. ரிலேயில் 85, 86 என்பன சுருளின் முனைகள். 87 என்பது வெளியே செல்லும் முனை. இந்த எண்களைப் பயன்படுத்தினால் தமிழரோ நோர்வேஜியரோ போலந்து நாட்டவரோ, எவரும் ஒரே வரைபடத்தைப் படிக்க முடியும்.

இவ்வேலையில் மூத்தோரின் அனுபவமும் பயன்படும். 1990களில் மின்சாரமின்றி இருந்த யாழ்ப்பாணத்தில் மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும், மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்களும் இன்று ஒஸ்லோவில் பெற்றோராகவும் பேரர்களைக் கண்டவர்களாகவும் வாழ்கின்றனர். தளர்ந்த இணைப்பு எவ்வாறு சூடேறும் என்பதை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மின்கலமும் தடித்த கம்பியும்

பின்சக்கரங்கள் பாதையை நன்கு பற்ற வேண்டும் என்பதற்காக, பின்சக்கர இயக்கக் கார்களில் மின்கலத்தை முன்பக்கத்திலிருந்து பின்பெட்டிக்கு மாற்றுவது வழக்கம். இதனால் தொடக்கி மோட்டருக்குச் செல்லும் கம்பி ஏறத்தாழ 5 மீற்றர் நீளமாகிறது. தொடக்கி 300 அம்பியர் எடுப்பதாகக் கொண்டால், 16 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் ஏறத்தாழ 1.6 வோல்ற்று வழியிலேயே இழக்கப்படும். 50 சதுர மில்லிமீற்றர் கம்பியில் இழப்பு அரை வோல்ற்று மட்டுமே. மின்கலம் குளிரில் வலுவிழக்கும் நாட்டில் இந்த வேறுபாட்டால் இயந்திரம் தொடங்காமலே போகலாம். ஏர்த் இணைப்பையும் அதே தடிப்பில் அமைத்து, வண்ணப்பூச்சைச் சுரண்டி நீக்கிய உலோகத்தில் இறுக்க வேண்டும்.

உருகி பாதுகாப்பது கருவியை அன்று, கம்பியை. 10 அம்பியர் எடுக்கும் எரிபொருள் பம்பிக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பியும் 15 அம்பியர் உருகியும் பொருந்தும். அடிக்கடி உருகி போகிறதென்று 40 அம்பியர் உருகியைச் செருகினால், பழுது ஏற்படும் நாளில் உருகிக்குப் பதிலாகக் கம்பியே எரியும். உருகி மின்கலத்துக்கு அருகில் இருக்க வேண்டும். மின்கலத்துக்கும் உருகிக்கும் இடையிலுள்ள கம்பிக்கு எவ்விதக் காவலும் இல்லை. தகரத்தைத் துளைத்துச் செல்லும் ஒவ்வோர் இடத்திலும் இறப்பர் வளையம் இடப்பட வேண்டும்.

கம்பி முனைகளைப் பற்றாசு வைத்து இணைப்பது உறுதியானது எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் பற்றாசு கம்பி இழைகளுக்குள் ஊறி ஓர் இடத்தை விறைப்பாக்குகிறது. பந்தயக் காரின் அதிர்வில் அவ்விடத்திலேயே இழைகள் முறியும். உரிய இடுக்கியால் முனைகளை நசுக்கி இணைத்து, சூட்டில் சுருங்கும் உறையால் மூடுவதே ஏற்ற முறை.

பின்புறத்து ஆளி

பந்தயக் காரின் பின்புறத்தில், வெளியிலிருந்து கைக்கெட்டும் இடத்தில், மின்சாரம் முழுவதையும் துண்டிக்கும் முதன்மை ஆளி அமைய வேண்டும் என டிராக் பந்தய விதிகள் கோருகின்றன. குறிப்பாக மின்கலம் இடமாற்றப்பட்ட கார்களில் இது கட்டாயமாகும். அந்த ஆளி ஓட்டுநருக்கானதன்று. கார் கவிழ்ந்தோ தீப்பற்றியோ கிடக்கும்போது ஓடிவரும் பாதை அலுவலருக்கானது. அவர் அந்தக் காரை முன்பின் பார்த்திராதவர். எனவே அணைக்கும் நிலை தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். தள்ளி இழுக்கும் வகை ஆளியாயின், தள்ளும்போது அணைவதாக இருக்க வேண்டும்.

இங்கு வழக்கமாக நேரும் பிழை ஒன்றுண்டு. ஆளி மின்கலத்தை மட்டும் துண்டித்தால், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் மின்பிறப்பாக்கி எரிபற்றலுக்கும் பம்பிக்கும் தொடர்ந்து மின்சாரம் வழங்கும். ஆளி அணைந்தும் இயந்திரம் நிற்காது. பம்பி தீயினுள் எரிபொருளைச் செலுத்திக்கொண்டே இருக்கும். மின்பிறப்பாக்கியின் கம்பியை ஆளியின் மின்கலப் பக்கத்தில் இணைப்பதாலோ, எரிபற்றல் சுற்றையும் சேர்த்துத் துண்டிக்கும் ஆளியைப் பயன்படுத்துவதாலோ இதனைத் தவிர்க்கலாம். சோதனை எளியது: இயந்திரம் ஓடும்போது ஆளியை அணைக்க வேண்டும், இயந்திரம் உடனே நிற்க வேண்டும். அந்தச் சோதனையை, கம்பியை இணைத்தவரல்லாத வேறொரு நண்பர் செய்வது நன்று.

தானியங்கிப் பற்சக்கரப் பெட்டி கொண்ட கார்களில் வேறோர் ஏற்பாடும் உண்டு. ஓட்டுநர் பொத்தானை அழுத்தியிருக்கும் வரை, மின்காந்த வால்வு ஒன்று முதற்பல்லையும் பின்செல்லும் பல்லையும் ஒருசேரப் பிணைத்துக் காரை அசையாது நிறுத்தும். பொத்தானை விட்டதும் கார் பாயும். இயந்திரம் முழுவலுவில் இருக்கையில் இந்தக் கம்பி தளர்ந்தாலும் கார் பாயும்; முன்னே நிற்பவருக்கு விலக நேரமிராது. ஆகவே இதற்குத் தனிச் சுற்றும் தனி உருகியும் வேண்டும். கார் பல்லில் இருக்கும்போது தொடக்கி மோட்டர் இயங்காதபடி தடுக்கும் ஆளியும் வேலை செய்ய வேண்டும்.

வேலை நேரத்துப் பாதுகாப்பு

குளிருக்கு அஞ்சிக் கதவை மூடிய கராஜில் இயந்திரத்தை ஓட்டுதல் உயிராபத்தானது. காபனோரொட்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. தலைவலி தொடங்கும்போதே முடிவெடுக்கும் திறன் குன்றியிருக்கும். ஈய மின்கலம் மின்னேறும்போது ஐதரசன் வெளியேறுவதால் அவ்வேளையில் காற்றோட்டம் தேவை. வெல்டிங் செய்யுமுன் மின்கலத்தையும் இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினியையும் கழற்றிவிட வேண்டும். தீயணைப்பான் வாசலருகே இருத்தல் நன்று. தீ ஏற்பட்டால் 110, உயிராபத்தான காயமாயின் 113 என்ற இலக்கங்களை அழைக்க வேண்டும்.

மின்சாரக் கார்களை மாற்றியமைத்தும் டிராக் பந்தயம் ஓடுகின்றனர். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஜோன் வேலண்ட் என்பவர் நண்பர்களுடன் சேர்ந்து 1972ஆம் ஆண்டு டட்சன் 1200 காரை மின்சாரக் காராக மாற்றி, 2010இல் கால் மைலை 11 விநாடிக்குள் ஓட்டினார். அக்கார் 'வைற் சொம்பி' எனப் பெயர் பெற்றது. எனினும் இத்தகைய கார்களில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ற்று நேர்மின்னோட்டம். ஒரு முறை தொட்டால் உயிர் போகலாம். உரிய பயிற்சியின்றி இதில் இறங்குதல் கூடாது.

ஓடுபாதைக்குச் செல்லுதல்

பொதுச்சாலையில் வேகப் பந்தயம் குற்றமாகும்; ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் பறிக்கப்படலாம், பிறர் உயிரும் போகலாம். பதிவிலுள்ள காரைப் பெருமளவில் மாற்றியமைத்துச் சாலையில் ஓட்ட விரும்புவோர், நோர்வே வீதி நிர்வாகமாகிய ஸ்தாத்தென்ஸ் வேக்வேசெனின் ஒப்புதலைப் பெற வேண்டும். பதிவற்ற பந்தயக் காரை இழுவண்டியில் ஏற்றியே கொண்டுசெல்ல வேண்டும். வகுப்பு பி அனுமதிப்பத்திரத்தில், 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட இழுவண்டியாயின், இழுக்கும் காரினதும் இழுவண்டியினதும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3500 கிலோகிராமைத் தாண்டலாகாது. பி 96 பயிற்சி முடித்தவர்களுக்கு இவ்வெல்லை 4250 கிலோகிராம் ஆகும். அதற்கும் மேற்பட்டால் வகுப்பு பிஇ தேவைப்படும்.

நோர்வேயில் கார்ப் பந்தயங்களை நெறிப்படுத்துவது நோர்கெஸ் பில்ஸ்போர்ட்ஃபொர்புண்ட் என்னும் சம்மேளனம். போட்டியிடுவோர் அதனோடு இணைந்த கழகமொன்றில் உறுப்பினராகி உரிமம் பெறுகின்றனர்; ஒரே நிகழ்வுக்கான உரிமமும் உண்டு. கட்டத் தொடங்குமுன்பே கழகத்தின் தொழில்நுட்ப அலுவலரைச் சந்திப்பது பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்தும். காரின் வேகத்துக்கேற்பப் பாதுகாப்புக் கூண்டு, இருக்கைப்பட்டி, தலைக்கவசம், தீத்தடுப்பு உடை ஆகியவற்றின் தேவை மாறுபடும். கூண்டை வெல்டிங் செய்து முடித்த பின் விதியைப் படிப்பவர் அதனை மீண்டும் வெட்ட நேரிடலாம்.

பழைய எண்ணெய், குளிர்விப்புத் திரவம், மின்கலம் ஆகியன தீங்கு விளைக்கும் கழிவுகள். இவற்றை வடிகாலில் ஊற்றுதலும் குப்பைத் தொட்டியில் இடுதலும் தடைசெய்யப்பட்டுள்ளன. ஹாரால்ட்ருட், ஸ்மெஸ்தாத் போன்ற மாநகர மீள்பயன்பாட்டு நிலையங்களில் வீட்டுக்காரர்கள் இவற்றை ஒப்படைக்கலாம். கொள்கலனில் உள்ளடக்கத்தின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

• மின்னிணைப்பு வரைபடத்தின் ஒரு பிரதி காரிலும் மற்றொன்று கராஜிலும் உள்ளனவா?
• ஒவ்வோர் உருகியின் அளவும் அதன் கம்பியின் தடிப்புக்குப் பொருந்துகிறதா?
• மின்கலம் உறுதியாகப் பூட்டப்பட்டு, நேர்முனை மூடப்பட்டுள்ளதா?
• இயந்திரம் நின்றதும் எரிபொருள் பம்பி நிற்கிறதா?
• பின்புறத்து ஆளி, ஓடும் இயந்திரத்தை நிறுத்துகிறதா?
• காரைக் கட்டும் வேலையில் சேராத ஒருவர், விளக்கம் கேளாமலே அந்த ஆளியைக் கண்டுபிடித்து அணைக்கிறாரா?

இறுதிக் கேள்விக்கு 'ஆம்' என்ற விடை கிடைக்கும் வரை கார் கராஜை விட்டு வெளியேறலாகாது.