குடவோலை போட்டு மலையேறுவோம்!

நாலு பேர் சேர்ந்தால் தேரைக் கூட இழுத்துவிடலாம் ஸார். ஆனால் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு ஹில் ஸ்டேஷனுக்குப் போய்வருவது இருக்கிறதே... அது தேரை மலைமேல் ஏற்றுகிற வேலை!

எல்லா டூரும் டீக்கடையில்தான் பிறக்கும். "மச்சி, இந்த தபா கண்டிப்பா போறோம்டா!" என்று ஒருத்தர் கிளாஸை டொக்கென்று வைப்பார். அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் குரூப் தயார். முதல் நாள் நூறு மெசேஜ். இரண்டாம் நாள் ஊட்டியா, கொடைக்கானலா என்று பட்டிமன்றம். மூன்றாம் நாள் "ஆளுக்கு ஆயிரம் அட்வான்ஸ் போடுங்கப்பா" என்று யாராவது எழுதுவார். அவ்வளவுதான். குரூப்பில் மயான அமைதி!

இதற்கு மருந்து என்ன? உத்திரமேரூர்க்காரர்கள் வெளியூரில் தேட வேண்டாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து பொடிநடையாகப் போனால் வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் சுவரில், 1,100 வருஷத்துக்கு முன்பே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில் (கி.பி. 919, 921) பதில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கல்வெட்டில் இருக்குது கணக்கு!

ஸ்கூல் பாடத்தில் படித்த அதே குடவோலை சமாசாரம்தான். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தச் சபை ஊரிலுள்ள எல்லோருக்குமானதாக இல்லை. நிலமும் வீடும் படிப்பும் உள்ளவர்களுக்குத்தான் இடம். அந்தக் குறையை ஒப்புக்கொள்வோம். ஆனால் நிர்வாக மூளை இருக்கிறதே... சபாஷ்!

அதில் ஒரு விதி போதும், நம் டூர் பிழைத்துக்கொள்ள. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது. அவன் மட்டுமா? அவன் அப்பா, பிள்ளை, சகோதரன், மாமனார், மைத்துனன், மருமகன்... வரிசையாக எல்லோரும் அவுட்!

போன வருஷம் ஏலகிரிக்குப் பணம் வசூல் பண்ணிவிட்டு இன்று வரை "கணக்கு பாத்துட்டு இருக்கேன் மாமா" என்கிற நண்பர் உங்கள் செட்டிலும் ஒருத்தர் இருப்பார். சோழர் காலமாக இருந்தால் அவர் மச்சானுக்குக் கூட வேனில் சீட் கிடைத்திருக்காது.

எனவே முதல் வேலை: மூன்று வாரியம். பணத்துக்கு ஒருத்தர், வண்டிக்கு ஒருத்தர், ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் ஒருத்தர். ஆள் கிடைக்காவிட்டால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். டீக்கடைப் பையனை எடுக்கச் சொல்லுங்கள். மற்ற ஒன்பது பேருக்கும் ஒரே வேலைதான்: குறை சொல்லாமல் இருப்பது. இருப்பதிலேயே கஷ்டமான இலாகா அதுதான்!

எந்த மலை?

"ஊட்டி!" என்று சொல்வதற்கு முன்னால் லீவைப் பாருங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மஹிந்திரா சிட்டி என்று ஷிஃப்ட்டில் வேலை பார்க்கிற பசங்களுக்குச் சேர்ந்தாற்போல இரண்டு நாள் கிடைப்பதே பெரும்பாடு. இரண்டு நாளில் ஊட்டி என்றால், ஊட்டியைப் பார்த்ததைவிட வேனின் முன் சீட்டைப் பார்த்ததுதான் அதிகமாக இருக்கும்.

ஒண்ணரை நாள்தான் இருக்கிறதா? ஜவ்வாது மலை. வந்தவாசி, சேத்துப்பட்டு, போளூர் வழியாக ஜமுனாமரத்தூர். ஏரியில் படகு, பீமன் அருவி. அந்த மலைத் தொடரில்தான் காவலூர் வானாய்வகம். அங்கே இருக்கிற 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986-ல் வைணு பாப்பு பெயரை வைத்தார்கள்.

இரண்டு நாளா? ஏலகிரி. காஞ்சிபுரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பெரும்பாலும் ஹைவே. மொத்தமே 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். ஒரே ஒரு எச்சரிக்கை: போகும்போது ஆம்பூரில் பிரியாணியை ஒரு கட்டு கட்டிவிட்டு ஏறினால், பாதி வளைவுக்குள் அதைப் பாரிக்கோ ஓரிக்கோ காணிக்கை கொடுத்துவிட நேரும். பிரியாணி, திரும்பி வரும்போது!

மூன்று நாள் இருந்தால் ஏற்காடு (சேலத்திலிருந்து 20 வளைவு). டிரைவர் கில்லாடி என்றால் கொல்லிமலை. அங்கே 70 வளைவு! எண்ணிக்கொண்டே போகிறவருக்குத்தான் முதலில் தலை சுற்றும்.

இல்லை, ஊட்டியோ கொடைக்கானலோதான் வேண்டும் என்றால் இ-பாஸ் சமாசாரம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இந்த முறை வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ரூமுக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னாலேயே அன்றைய விதி என்ன என்று பார்த்து பாஸ் எடுத்துவிடுங்கள். செக்போஸ்ட்டில் நின்று, "ஸார், ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றோம் ஸார்" என்றால், "ரொம்ப தூரம் திரும்பிப் போகணுமே தம்பி" என்றுதான் பதில் வரும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. வீட்டு எவர்சில்வர் பாட்டிலை அம்மாவிடம் கெஞ்சி வாங்கிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு எட்டானால்..?

இப்போது பி.காம். படித்ததற்குப் பிரயோஜனமாக ஒரு கணக்கு.

டூர் செலவு இரண்டு ஜாதி. ஆள் குறைந்தாலும் குறையாத செலவு ஒன்று: வேன் வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, ரூம். ஆளுக்குத் தகுந்த செலவு மற்றது: சாப்பாடு, படகு டிக்கெட், டீ. எல்லோரும் இரண்டையும் கலந்து, "தலைக்கு இவ்ளோ" என்று ஒரே தொகையாகச் சொல்லிவிடுவார்கள். தகராறு அங்கேதான் முளைக்கும்.

குறையாத செலவு 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர் என்றால் தலைக்கு 2,000. புறப்படுவதற்கு முதல் நாள் ராத்திரி ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தருக்குப் பெண் பார்க்கும் படலம், இரண்டு பேருக்கு நைட் ஷிஃப்ட்! மிச்சம் எட்டு பேர். தலைக்கு 3,000. வராத நாலு பேர், வந்த எட்டு பேர் பாக்கெட்டில் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கை வைத்துவிட்டார்கள். மாதச் சம்பளத்தில் சீட்டும் வண்டி டியூவும் போக மிச்சம் பிடித்து வருகிற பையனுக்கு அந்த ஆயிரம் சின்னப் பணமா, சொல்லுங்கள்?

ஆகையால் குறையாத செலவில் உங்கள் பங்கை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். வராவிட்டால் அது திரும்பாது. சாப்பாட்டுப் பணம் திரும்பும். இந்தச் சட்டத்தை எல்லோரும் சிரித்த முகமாக இருக்கும்போதே, அதாவது டீக்கடையிலேயே, பேசி முடித்துவிடுங்கள். மேலே பத்து சதவிகிதம் ரிசர்வ் வையுங்கள். பஞ்சருக்கும் பாண்டேஜுக்கும் ஆகும்.

இன்னொரு விஷயம். பணம் கஷ்டம் என்று எந்தப் பையனும் வாய் திறந்து சொல்ல மாட்டான். "எனக்கு மலைன்னா ஒத்துக்காது மச்சி" என்பான். அந்த நண்பனுக்காக மூன்று மாசம் முன்பே சின்னச் சின்னத் தவணையாக வசூலிக்க ஆரம்பித்தால் அவனுக்கும் மலை ஒத்துக்கொள்ளும்!

மஞ்சள் போர்டா, வெள்ளை போர்டா?

"நம்ம பக்கத்துத் தெருக்காரர் வண்டிதாம்ப்பா, சல்லிசா வரும்" என்று வெள்ளை நம்பர் பலகை வண்டியை வாடகைக்குப் பேசுவது ஊர் வழக்கம். வாடகை வண்டி என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டிப் போகிற வாடகைக் கார் என்றால் கறுப்பு பலகையில் மஞ்சள் எழுத்து. சொந்த உபயோகத்துக்கான இன்ஷூரன்ஸ் உள்ள வண்டியை வாடகைக்கு விட்டால், விபத்து என்று வரும்போது நஷ்டஈட்டில் வில்லங்கம் வரலாம். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பல லட்சத்துக்கு வம்பை விலைக்கு வாங்கணுமா?

அடுத்தது டிரைவர். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளைக்கு 8 மணி நேர வேலை என்று வகுத்தது. நாம் என்ன செய்கிறோம்? வெள்ளிக்கிழமை பகலெல்லாம் ஸ்கூல் டிரிப் அடித்த மனுஷரை ராத்திரி பத்து மணிக்குக் கிளப்பி, விடியற்காலை நாலு மணிக்கு மலை ஏறச் சொல்கிறோம். தூக்கம் கண்ணைச் சொக்குகிற நேரம், மூடுபனி, கொண்டை ஊசி... மூன்றும் ஒரே இடத்தில்!

ராத்திரி தூங்கிவிட்டு விடியற்காலை நாலு மணிக்குப் புறப்படுங்கள். பகல் வெளிச்சத்தில் மலை ஏறலாம். ரூம் போடும்போது டிரைவருக்கும் ஒரு கட்டில் சேர்த்துப் போடுங்கள். அவர் வேன் சீட்டில் குளிரில் முடங்கிப் படுத்தால், மறுநாள் நம் உயிர் அவர் கொட்டாவியில் இருக்கும்.

இறங்கும்போதுதான் இருக்கு!

கிண்டலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ஒரு நிஜத்தைச் சொல்கிறேன்.

2018 அக்டோபர் முதல் வாரம். சென்னையிலிருந்து ஊட்டிக்குப் போன ஏழு பேர், ஒரே காரில் கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினார்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள செங்குத்தான பாதை. கார் பள்ளத்தில் பாய்ந்தது. இரண்டு நாள் வரை ஒருத்தருக்கும் தெரியவில்லை. தேடிக் கண்டுபிடித்தபோது ஐந்து பேர் உயிரோடு இல்லை. இரண்டு பேரைத்தான் மீட்க முடிந்தது. அவர்களும் நம்மைப் போல ஒரு லீவு நாளைத் திட்டம் போட்டுக் கிளம்பினவர்கள்தான். அதற்கப்புறம் வெளியூர் வண்டிகள் அந்த வழியே இறங்குவதற்குத் தடை வந்தது. மேப் காட்டுகிறதே என்று குறுக்கு வழியில் இறங்காதீர்கள். மேப்புக்கு பிரேக் கிடையாது!

ஏறும்போது எஞ்ஜின் திணறும். பயப்பட வேண்டாம். இறங்கும்போதுதான் ஆபத்து. காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் பிரேக் சூடாகும்; பிடிப்பு குறையும்; பிரேக் ஆயிலே கொதித்து, மிதி காலுக்குக் கீழே பஞ்சு மாதிரி அமுங்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது அதைவிட மோசம். எஞ்ஜினை அணைத்துவிட்டாலோ, நாலைந்து மிதியில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனக்கும். பழைய டிரைவர்கள் சொல்லும் சூத்திரம் ஒன்று உண்டு: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. எஞ்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. குறுகலான மலைப் பாதையில் மேலே ஏறி வருகிற வண்டிக்கு, கீழே இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல. 1989-லேயே சாலை விதியாக எழுதி வைத்தது.

'தண்ணி' விஷயம்? வளைவில் நிறுத்தி ஆளுக்கொரு வாய் என்பதெல்லாம் வேண்டாமே. 2019 செப்டம்பர் முதல், குடித்துவிட்டு ஓட்டி முதல் தடவை மாட்டினால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது இரண்டும். அபராதத்தைக் கட்டிவிடலாம். பள்ளத்திடம் ரசீது வாங்க முடியாது.

கிளம்புமுன் ஒரு நிமிஷம்...

* டயர், பிரேக், வைப்பர், முன்விளக்கு: நாலையும் வண்டி வாரியம் முதல் நாளே பார்க்க வேண்டும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதையும்!

* ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். உத்திரமேரூரில் வேர்க்கிறதே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

* வாந்தி வருகிறவருக்கு முன் சீட். தூரத்தில் பார்க்கட்டும். போனைப் பார்க்க வேண்டாம். வாந்தி மாத்திரை தூக்கம் வரவழைக்கும்; ஓட்டுகிறவர் மட்டும் போடக் கூடாது.

* எந்த வழி, எந்த ரூம், எத்தனை மணிக்கு என்று ஒரு சீட்டில் எழுதி வீட்டில் ஒருத்தர் கையில் கொடுங்கள். இரண்டு நாள் தேட வைக்காதீர்கள்.

* மலையில் குரங்குக்கு சிப்ஸ் போடாதீர்கள். அதற்குக் காடு சோறு போடும். சிப்ஸ் பழகிய குரங்கு அடுத்த வேனின் ஜன்னலுக்குள் கை விடும்.

கடைசி வளைவு

டூர் முடிந்து வந்ததும் போட்டோக்கள் நிமிஷத்தில் வந்துவிடும். கணக்குதான் வராது. ஒரு வாரத்துக்குள், அதே டீக்கடையில், எல்லோர் முன்னாலும் பைசா சுத்தமாகப் படித்துவிட வேண்டும். மிச்சம் நாற்பது ரூபாய் என்றால் நாற்பதையும் மேஜையில் வையுங்கள். அன்றைக்கு டீ அதில் குடியுங்கள். நாற்பது ரூபாய்க்காக யாரும் நட்பை முறிப்பதில்லை. அந்த நாற்பதைப் பற்றி யாருமே வாய் திறக்காததால்தான் முறிகிறது.

கணக்கு ஒழுங்காக வந்துவிட்டால் அடுத்த வருஷமும் அதே செட், அதே வேன், வேற மலை. வராவிட்டாலும் கவலை இல்லை. அந்த நண்பரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போய்ச் சுவர்ப்பக்கம் நிறுத்துங்கள்.

மச்சானையும் சேர்த்துக் கூட்டிப் போவது உத்தமம்!