விதியை மீறும் சிலிண்டர்

வாயு என்றதும் பள்ளிப் பாடத்தில் அழுத்தம், கன அளவு, வெப்பநிலை என்ற மூன்றும் வரும். ஆனால் வீட்டுக்கு வரும் சமையல் எரிவாயுவை எடை போட்டுத்தான் தருகிறார்கள். சிலிண்டரில் பொறித்திருக்கும் காலி எடையோடு 14.2 கிலோவைக் கூட்டினால் மொத்தம் சரியாக வர வேண்டும். அழுத்தமானி வைத்து அளக்காமல் தராசைத் தேடுவானேன்? சிலிண்டருக்குள் இருப்பது வாயு விதிகளுக்குக் கட்டுப்படவில்லை என்பதே காரணம். அந்த விதிகள் எங்கே பொய்க்கின்றனவோ அங்கேதான் அவை நன்றாக விளங்கும் என்பது என் கட்சி.

1662இல் ராபர்ட் பாயில், வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஊற்றிக் காற்றை அடைத்து, அழுத்தம் இருமடங்கானால் கன அளவு பாதியாகிறது என்று காட்டினார். சூடேற்றினால் எல்லா வாயுக்களும் ஒரே விகிதத்தில் விரிகின்றன என்பதை 1802இல் கே-லூசாக் வெளியிட்டார். சார்லஸ் அதை முன்பே கண்டிருந்தார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்றார் அவகாட்ரோ, 1811இல். இவை சேர்ந்து ஒரே சமன்பாடாயின. அதில் நம் சிலிண்டரைப் பொருத்திப் பார்ப்போம். கொள்ளளவு சுமார் 33 லிட்டர்; 30 டிகிரி வெப்பத்தில் உள்ளே வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு அழுத்தம். கணக்குப்படி உள்ளே இருக்க வேண்டியது சுமார் 400 கிராம்தான்! மீதிப் பதின்மூன்றரைக் கிலோவுக்கு மேல் எங்கிருந்து வந்தது? அத்தனையும் வாயுவாகவே அடைபட வேண்டுமானால் 200 வளிமண்டல அழுத்தம் தேவை. அந்த மெல்லிய எஃகு உருளை அதைத் தாங்காது.

சமன்பாடு சத்தமில்லாமல் இரண்டு அனுமானங்களைச் செய்கிறது: மூலக்கூறுகள் இடத்தை அடைப்பதில்லை, ஒன்றையொன்று ஈர்ப்பதுமில்லை. இரண்டையும் திருத்தி 1873இல் புதிய சமன்பாடு எழுதினார் வான் டெர் வால்ஸ். அவருக்கு முன் 1869இல், கார்பன் டை ஆக்ஸைடை 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக்க முடியாது, அதற்குக் கீழே முடியும் என்று ஆண்ட்ரூஸ் காட்டியிருந்தார். இந்த எல்லையே மாறுநிலை வெப்பநிலை. சமையல் எரிவாயுவில் கலந்திருக்கும் புரோப்பேனுக்கு அது 97 டிகிரி, பியூட்டேனுக்கு 152. ஆகவே நம் ஊர் வெயிலிலும் இவை சிறு அழுத்தத்துக்கே திரவமாகிவிடும். சிஎன்ஜியில் பெரும்பகுதியான மீத்தேனுக்கோ அது மைனஸ் 82. அதனால்தான் சிஎன்ஜி வண்டிகளில் தடித்த உருளையில் 200 வளிமண்டலம் வரை அழுத்தி வாயுவாகவே அடைக்கிறார்கள். செலவாகச் செலவாக அழுத்தமானியின் முள் இறங்கும். சமையல் சிலிண்டரில் ஆவி வெளியேறும்போதே திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்புகிறது. பாதி தீர்ந்தாலும் அழுத்தம் பாதியாவதில்லை. எனவே தராசு தவிர வேறு வழியில்லை.

சுடர் சீராக எரிவது ரெகுலேட்டரின் வேலைதானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆகவே சுடரை நான் சாட்சிக்கு அழைக்கவில்லை. குளிரை அழைக்கிறேன். 30 டிகிரியிலிருந்து மைனஸ் 10க்கு இறங்கினால் வாயு விதிப்படி அழுத்தம் சுமார் 13 சதவீதமே குறைய வேண்டும். ஆனால் பியூட்டேன் மட்டும் நிறைந்த உருளையில் அது வளிமண்டல அழுத்தத்துக்கும் கீழே போய்விடும்; கிலோக் கணக்கில் எரிபொருள் இருந்தும் அடுப்பு எரியாது. பியூட்டேனின் கொதிநிலை சுமார் மைனஸ் அரை டிகிரி என்பதே காரணம். நம் சிலிண்டரில் இருப்பது கலவை; எளிதில் ஆவியாகும் புரோப்பேன் முந்திக்கொள்வதால் அழுத்தம் சற்றே இறங்கத்தான் செய்யும். ஆனாலும் அதை முதன்மையாக ஆள்வது வெப்பநிலை, இருப்பு அல்ல.

அப்படியானால் பொய்க்கும் விதியைப் பிள்ளைகளுக்கு ஏன் கற்பிக்க வேண்டும்? ரெகுலேட்டரைத் தாண்டியதும் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சில சதவீதமே அதிகம். அங்கே மூலக்கூறுகள் விலகி நிற்பதால் அதே விதி பெருமளவு பொருந்துகிறது. கசிந்தால் 14.2 கிலோவும் ஏறத்தாழ 6,800 லிட்டராக விரியும் என்று எச்சரிப்பதும் அதே கணக்குத்தான். அதைவிட முக்கியமாக, விதி 400 கிராம் என்று சொல்லியிராவிட்டால், தராசு காட்டும் 14.2 கிலோவில் வியப்பதற்கு எதுவுமே இருந்திராது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன என்பதற்கு, அந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியே சாட்சி.