குடமுருட்டிக்கும் இத்தாலிக்கும் என்ன உறவு, தெரியுமா?

தஞ்சாவூரில் திருவையாறு பஸ் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலம் பாலமாக வரும். ஐந்து ஆறு, ஐயாறு. அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்! ஆனால் அந்தப் பாலங்களைக் கடப்பதற்குள் பாதிப் புணர்ச்சி இலக்கணம் முடிந்துவிடும், தெரியுமா?

வட + ஆறு: இடையில் ஒரு 'வ்' வந்து வடவாறு. வெண் + ஆறு: 'ண்' இரட்டித்து வெண்ணாறு. வெட்டு + ஆறு: உகரம் ஓடிப்போய் வெட்டாறு. இத்தாலியிலும் இதே ஓட்டம்தான்! தண்ணீர் அங்கே 'அக்வா'. முன்னால் 'லா' சேர்ந்தால் ஓர் ஆகாரம் கழன்று 'லக்வா'.

குடமுருட்டியைப் பாருங்கள். குடத்தை உருட்டுவது, அதனால் குடமுருட்டி. வானளாவும் கட்டடத்துக்கு இத்தாலியர் வைத்த பெயர் 'கிராத்தாச்சேலோ'. கிராத்தா என்றால் சுரண்டு, சேலோ என்றால் வானம். நமக்கு வினை கடைசியில், அவர்களுக்கு முதலில். நம் ஆற்றுக்கு அவர்கள் பேர் வைத்திருந்தால் 'உருட்டுகுடம்' ஆகியிருக்கும். நல்லவேளை!

காவிரியை இத்தாலியர் கா-வி-ரி என்று மூன்றாக வெட்டுவார். நம் யாப்புக்கு அது இரண்டே அசை: கா/விரி, நேர் நிரை, கூவிளம். இந்தக் கணக்கில் திருவாரூர் புளிமாங்காய், மன்னார்குடி தேமாங்கனி!

இன்னொரு வேடிக்கை. இத்தாலியில் 'கபிதனோ' என்ற ஒரு சொல்லை எங்கே அழுத்துகிறீர்கள் என்பதில்தான் பொருளே இருக்கிறது. முதல் அசையில் அழுத்தினால் 'நேர்கின்றன', மூன்றாவதில் அழுத்தினால் 'தளபதி', கடைசியில் அழுத்தினால் 'தலைமை தாங்கினான்'. தமிழில் எங்கே அழுத்தினாலும் காவிரி காவிரிதான். நமக்குப் பொருளை மாற்றுவது நீளம். செறு என்றால் வயல், சேறு என்றால் சேறு.

ஆனால் ஒரு காலத்தில் ஓலைச்சுவடியில் இரண்டும் ஒன்றுபோலவே கிடந்தன, தெரியுமா? குறில் எகரத்துக்கு மேலே ஒரு புள்ளி உண்டு. ஏடெழுதுவோர் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். வயலா சேறா என்று படிப்பவர்தான் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க நெடிலுக்குச் சுழித்த கொம்பு போட்டவர் யார்? அழுத்தத்தில் பிறந்து வளர்ந்த ஓர் இத்தாலியர்! 1680-இல் காஸ்தில்யோனேயில் பிறந்த பெஸ்கி. கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சியில் இருந்து தமிழ் செய்த நம் வீரமாமுனிவர். தேம்பாவணியும் அவருடையதே, 1732-இல் வந்த சதுரகராதியும் அவருடையதே.

இதில் ஒரு கூத்து வேறு. அவர் கத்தோலிக்கர். லுத்தரன்களைக் கண்டித்து நூலே எழுதியவர். அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சேறியது எங்கே, தெரியுமா? தரங்கம்பாடியில், அதே லுத்தரன்களின் அச்சுக்கூடத்தில்!