நனைந்தாலும் கதகதப்பு
மழைக்காலக் கடலில் பருத்தி கைகொடுக்காது

ஜூன் பிறந்துவிட்டால் விழிஞ்ஞம் துறைமுகத்தில் படகுக்கு இடம் பிடிப்பதே பெரும்பாடு. அலை கொந்தளிப்பதால் தங்கள் கரையில் படகை இறக்க முடியாத மீனவர்கள், அலைதடுப்புச் சுவரை நம்பி இங்கே வந்து குவிகிறார்கள். இழுவைமடிப் படகுகளுக்குக் கேரள அரசு 52 நாள் தடை விதிக்கும் காலம் அது. நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை. மழையும் காற்றுமான இரவுகளில் திறந்த ஃபைபர் படகில் கிளம்பும் பலருக்கு உடை ஒன்றுதான்: கைலி, பனியன், தலையில் ஒரு துவர்த்து.

கேரளத்தில் ஏது குளிர் என்று தோன்றலாம். ஆனால் இந்த மாதங்களில் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுந்து, கடலின் மேற்பரப்பு கோடையைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடுகிறது. நனைந்த உடம்புக்கு அதுவே அதிகம். நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உடல் வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் விரல்கள் மரத்து, கயிற்றின் பிடி நழுவும். பிறகு புத்தி தடுமாறும்.

துணி தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கிடையே சிக்கிய காற்றுதான் உடல் சூட்டைக் காக்கிறது. பருத்தி நீரைக் குடித்ததும் அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. அப்புறம் சட்டை வெறும் பாரம்தான்.

மலையேறுபவர்கள் இதற்குக் கண்ட வழி மூன்று அடுக்கு. உடம்பை ஒட்டி, நீரை அதிகம் உறிஞ்சாத பாலியஸ்டர். கால்பந்து மோகம் மிகுந்த இந்தக் கரையில் ஜெர்சிக்குப் பஞ்சமில்லை. அதன் மேல் மெல்லிய கம்பளியோ, பஞ்சுபோன்ற பாலியஸ்டர் ஃப்ளீஸோ. இரண்டும் நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். வெளியே, காற்றும் மழையும் புகாத மெல்லிய நைலான் கோட்டு. தலைக்குத் துவர்த்தைவிடக் கம்பளிக் குல்லா மேல். எல்லாம் எடை குறைந்தவையாக இருக்க வேண்டும். கடலில் விழுந்தவரைக் கனமான உடை நீந்தவிடாது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்தக் கடலைப் புரட்டியபோது, கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் தண்ணீரில் கிடந்து மீண்டவர்கள் உண்டு. விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் திரும்பி வராதவர்களுக்காக இன்றும் அழும் வீடுகள் உண்டு. வலை இழுக்க இடைஞ்சல் என்று பலர் ஒதுக்கும் உயிர்காப்புச் சட்டை மிதக்க வைப்பதோடு நிற்பதில்லை. அதன் நுரைப்பட்டைகள் நெஞ்சின் சூட்டையும் காக்கும். படகின் மூலையில் கிடந்தால் அல்ல, உடம்பில் இருந்தால்.